பதினேழாவது குறிப்பு

ஹேட்லி எழுதிய நாற்பத்தொரு குறிப்புகளில் முப்பத்தொன்பது சரியாகத்தான் இருந்தன. தவறிய இரண்டில் ஒன்றால் யாருக்கும் நஷ்டமில்லை. மாநாடு நடக்கும் ஹோட்டலுக்குப் பக்கத்துத் தெருவில் நல்ல பழக்கடை இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி இருந்தது. சக்கரக் காலணியோடு மோதித் தள்ளி டெர்பி ஆடுகிறவர்களுக்குப் பழத்தைவிட அதுதான் உபயோகம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். இன்னொன்று பதினேழாவது குறிப்பு.

ட்வின் ஃபால்ஸ் என்ற ஊரில் அவள் வேலை பார்ப்பது ஒரு டயர் கடையில். பிப்ரவரியில் பனி டயர் மாட்ட வரும் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் தட்டிய பட்டியல் அது. அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் நடக்கும் ரோலர் டெர்பி மாநாட்டுக்கு முதல்தடவை வருகிறவர்களுக்காக எழுதியது. விமானத்தில் வந்தால் ஸ்கேட்டைக் கையோடு வைத்துக்கொள். பெட்டி தொலைந்தால் துணி வாங்கலாம், காலுக்குப் பழகிய ஸ்கேட்டை எங்கே போய் வாங்குவாய்? கறுப்புச் சட்டை ஒன்று, வெள்ளைச் சட்டை ஒன்று, இரண்டின் முதுகிலும் எண். எந்தப் பக்கம் எப்போது ஆள் குறையும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. பல் கவசம் இரண்டு. முட்டிக் கவசத்தைத் துவைத்துவிட்டுக் கிளம்பு. அறையில் உன்னுடையதோடு இன்னும் மூன்று மூக்குகள் இருக்கும். சூதாட்ட மேஜைப் பக்கம் விரித்திருக்கிற கம்பளத்தில் சக்கரத்தோடு ஏறாதே. அங்கே நிற்கிற காவலாளிகள் சிரிக்கிற ஜாதி இல்லை. கண்ணில் பட்ட ஆட்டத்துக்கெல்லாம் பெயர் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை கழிப்பறையில் உட்காரவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது.

பட்டியல் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிற்று. டென்வரிலிருந்து நன்றி சொன்னார்கள். கிளாஸ்கோவிலிருந்து ஒருத்தி கேள்வி கேட்டாள். ஹேட்லி ஒவ்வொன்றுக்கும் பழம் தின்று கொட்டை போட்டவள் மாதிரி பதில் எழுதினாள்.

பதினேழாவது குறிப்பு இப்படி இருந்தது: ‘தரை நல்லாப் பிடிக்கும். கெட்டி வீலே போதும். மெது வீலையும் தூக்கிட்டு வந்து சுமையாக்கிக்காதீங்க. என் காலை நம்புங்க.’

அந்தக் கால் ரீனோவை மிதித்ததே இல்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் உட்காரவில்லை. அவளுடைய அணியில் மொத்தம் ஒன்பது பேர். மாநாட்டைப் பற்றி யார் எங்கே எழுதினாலும் படித்தவள் அவள் ஒருத்திதான். படித்துப் படித்து, போய் வந்த மாதிரியே ஆகிவிட்டது. பழக்கடையும் தரையும் ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியதிலிருந்து வந்தவை. அப்போது மாநாட்டுக் கூடத்தில் சொரசொரப்பான பிளாஸ்டிக் பலகைகள் பதித்திருந்தார்கள். பிறகு அதைப் பெயர்த்துவிட்டு சிமெண்டை இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியது அவள் படித்த எதிலும் இல்லை. வழுக்குகிற தரைக்கு மெதுச் சக்கரம், பிடிக்கிற தரைக்குக் கெட்டிச் சக்கரம் என்பது டயர் விற்கிறவளுக்குத் தெரியாதா? அதெல்லாம் தெரியும். தரையைத்தான் தெரியாது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, முதல்முறையாக அந்தக் கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது குளிர்சாதனக் காற்றும் ஐந்நூறு பேரின் வியர்வையும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. அவளுக்கு அது மல்லிகைப்பூ. பச்சைத் தலைமுடி, கிழிந்த காலுறை, தோளில் தொங்கும் ஹெல்மெட் என்று போவோர் வருவோரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவளின் முதுகை யாரோ விரலால் குத்தினார்கள்.

“குட்டி இடி. நீதானா அது? பட்டியல் எழுதின குட்டி இடி?”

டெர்பியில் சொந்தப் பெயரை யாரும் சட்டை செய்வதில்லை. சட்டையில் எழுதிக்கொள்கிற பெயர்தான் பெயர். ஹேட்லியின் முதுகில் ‘குட்டி இடி 208’ என்று இருந்தது. அவளைக் குத்தியவள் முதுகில் ‘நர்ஸ் நறுக்’. நாற்பதைத் தாண்டியவள், குள்ளம், நரைத்த பின்னல், வலது முட்டியில் நீளமாக ஒரு தையல் தழும்பு.

“ஆமா,” என்றாள் ஹேட்லி.

“நான் என்னவோ நீ மூக்கு உடைஞ்ச ஒரு கிழவியா இருப்பன்னு நெனச்சேன். நீ என்னடி, பால் பல்லே இன்னும் விழாத மாதிரி இருக்க. எத்தன வருஷமா வர்ற?”

“எண்ணிப் பாத்ததில்ல.”

எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அது பொய்யும் இல்லை என்று ஹேட்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நர்ஸ் பையைத் திறந்து பட்டியலை எடுத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். “லாஸ் க்ரூஸஸ்ல எங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சில ஒட்டி வச்சிருந்தேன். ஒவ்வொண்ணா டிக் அடிச்சு மூட்டை கட்டினேன். எனக்கு இது விளையாட்டு இல்ல, கண்ணு. முட்டி கிழிஞ்சு மூணு வருஷம் ஆகுது. நாளைக்கு மூணு மணிக்கு ஒரு ஆட்டம் ஏற்பாடு பண்ணியிருக்கேன். முட்டி தைச்சவங்க ஒரு பக்கம், இன்னும் தைக்காதவங்க ஒரு பக்கம்.”

“அது நீங்க ஏற்பாடு பண்ணதா? ஆட்டம் எழுதிப் போட்ட பலகையில பாத்தேன். நல்லா சிரிச்சேன்.”

“சிரி. உனக்கும் ஒரு நாள் வரும்.” நர்ஸ் பட்டியலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். “நாளைக்கு நான் நின்னு ஆடிட்டேன்னா திரும்பி வர்றேன். இல்லேன்னா இதோட விட்டுடுறேன். வீட்டுக்காரர்கிட்டயும் அப்பிடித்தான் பேசி வச்சிருக்கேன். அழுவக் கூடாது, இழுத்தடிக்கவும் கூடாது.”

பத்து நிமிஷம் கழித்துப் பயிற்சிக்கு இறங்கினார்கள். முதல் வளைவிலேயே ஹேட்லியின் இரண்டு காலும் அவளைக் கேட்காமல் வெளிப்பக்கம் போயின. சோப்புத் தண்ணீர் கொட்டின குளியலறை மாதிரி இருந்தது தரை. நிமிர்ந்து பார்த்தாள். தடம் முழுக்க ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தார்கள். அரைச் சுற்று முடிவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அங்கேயே, அப்போதே. சொல்லவில்லை. எல்லாருக்கும் தானாகப் புரிந்துவிடும், கடைகள் போட்டிருக்கிற அரங்கில் போய் மெதுச் சக்கரம் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். நர்ஸ் நறுக் நான்கு முறை விழுந்தாள். நான்காவது முறை எழுந்து யாரையும் பார்க்காமல் ஸ்கேட்டைக் கழற்றிக்கொண்டு போனாள். அதையும் ஹேட்லி பார்த்தாள்.

சனிக்கிழமை காலை சிற்றுண்டிக் கூடத்தில் நர்ஸ் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து முட்டையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சட்டையில் எண் இல்லை. ஹேட்லி தட்டோடு எதிரே உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போய்ப் பலகையில என் பேர எடுத்துடப் போறேன்,” என்றாள் நர்ஸ். “உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. நீ பாவம், எங்களுக்காக இவ்வளவு எழுதின.”

“ஏன்? தரை கொஞ்சம் வழுக்கத்தான் செய்யுது, இல்ல?”

“தரையா? என்ன கேலி பண்றியா? நீயே எழுதியிருக்க, நல்லாப் பிடிக்கும்னு. நேத்து என் பக்கத்துல ஒரு பொண்ணு, அதே வளைவு, அதே வேகம், ஆணி அடிச்ச மாதிரி நிக்குறா. நான் மட்டும் மாவு மூட்டை மாதிரி விழுறேன். அப்ப எதுல கோளாறு?” முட்டியைத் தட்டிக் காட்டினாள். “இதுல. எத்தன பேர படுக்க வச்சுப் பாத்திருக்கேன். முடிஞ்சுதுன்னா முடிஞ்சுதுதான்.”

ஹேட்லி தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தப் பெண் மெதுச் சக்கரம் மாட்டியிருந்தாள். இந்தம்மா பட்டியலை நம்பிய அளவுக்குத் தன் காலை நம்பவில்லை.

“பேர எடுக்காதீங்க. பத்து நிமிஷம். இங்கயே இருங்க.”

கடை அரங்குக்கு ஓடினாள். சக்கரம் விற்கும் மேஜைக்குப் பின்னால் காதில் ஆறு வளையம் போட்ட ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மெது வீலா? நேத்து மத்தியானமே தீந்துபோச்சு. வருஷா வருஷம் பாதிய வீட்டுக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போவேன். இந்த வருஷம் ஒருத்தி விடாம கெட்டி வீலோட வந்து வழுக்கி விழுந்து நேரா இங்க வந்தா. ஏதோ பட்டியலாம். எழுதினவ எனக்குக் குலதெய்வம்.”

குலதெய்வம் திரும்பி நடந்தது. நடை பாதியில் நின்றது. பிறகு மறுபடி ஓட்டம்.

நர்ஸ் அதே இடத்தில் இருந்தாள். ஹேட்லி உட்காரவில்லை.

“அந்தக் கால் இங்க வந்ததே இல்ல.”

“எந்தக் கால்?”

“என் கால். ‘என் காலை நம்புங்க’ன்னு எழுதினேனே, அது. நான் நேத்துக்கு முன்னாடி ரீனோவுக்கே வந்ததில்ல. எல்லாம் அங்கங்க படிச்சது. தரை பத்தி எழுதினது ஆறு வருஷம் பழசு. உங்க முட்டில ஒண்ணுமில்ல. வீல்தான் தப்பு. நேத்தே எனக்குத் தெரியும், சொல்லல.”

நர்ஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். விபத்தில் வந்தவர்களிடம் பேசுகிற குரலில், அதிராமல், “திரும்பச் சொல்லு. மெதுவா,” என்றாள்.

ஹேட்லி திரும்பச் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது முதல் தடவையைவிட அசிங்கமாக இருந்தது.

“நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் ருபேனுக்கு போன் போட்டேன்,” என்றாள் நர்ஸ். “முடிஞ்சுபோச்சுப்பா, இனிமே இல்லன்னேன். அழக் கூடாதுன்னு எனக்குத்தான் சொல்லி வச்சிருந்தோம். அந்த மனுஷன் அழுதாரு. லாரி ஓட்டுறவரு, வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதாரு. ஒரு வீலுக்காக.”

“என்ன மன்னிச்சிடுங்க.”

“அது அப்புறம். இப்ப மணி என்ன?”

“பத்தேகால்.”

“மூணு மணிக்கு ஆட்டம். எனக்கு எட்டு மெது வீல் வேணும். கடையில இல்லன்னு உன் மூஞ்சியிலயே தெரியுது. கேட்டு வாங்கிட்டு வா. ஆனா ஒண்ணு. ஒவ்வொருத்திகிட்டயும் ஏன்னு சொல்லித்தான் கேக்கணும். ‘ஃபிரெண்டு ஒருத்தி கொண்டுவர மறந்துட்டா’ன்னு என் தலையில கட்டினன்னா, நான் நர்ஸ், எங்க குத்தினா வலிக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்.”

மெதுச் சக்கரம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் காலில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். முழு செட்டை யாரும் தர முடியாது. பையின் அடியில் கிடக்கும் உதிரி ஒன்று, இரண்டு என்று பொறுக்கத்தான் வேண்டும்.

முதலில் அகப்பட்டவள் மினியாபொலிஸ்காரி, பெயர் பல்லுடைப்பாள் பவுலா. மாடிப்படியில் உட்கார்ந்து இடுப்புக்குக் கீழே ஐஸ் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஹேட்லி சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

“நீதானா அது? இங்க வா, இதப் பாரு.” கால்சட்டையைச் சற்றே இறக்கிக் காட்டினாள். தோசைக்கல் அகலத்துக்கு நீலமும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது. “இதுக்கு உன் பேரத்தான் வச்சிருக்கேன். குட்டி இடின்னு. ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன், எங்க ஊர்ல எல்லாரும் அழகா இருக்குங்குறாங்க. இந்தா, ரெண்டு வீல். சக்கரம் தேஞ்சிருக்கும், குறை சொல்லாத.”

கிளாஸ்கோவிலிருந்து கேள்வி கேட்டவளே நேரில் வந்திருந்தாள். அவளிடம் நான்கில் ஒன்று விரிசல் விட்டு மூன்று மிஞ்சிய பழைய செட் இருந்தது. “ஏன்டி, நான் எழுதிக் கேட்டப்ப ‘ஆமா ஆமா, நல்லாப் பிடிக்கும், கவலப்படாத’ன்னு மூணு தடவ சொன்னியே?”

“சொன்னேன்.”

“மூணு தடவ.”

“ஆமா.”

“அப்ப மூணு வீலு. கணக்கு சரியாப்போச்சு. திருப்பித் தரலேன்னா ட்வின் ஃபால்ஸுக்கே வந்து நிப்பேன். அது எங்க இருக்குன்னு தெரியாது, ஆனா வருவேன்.”

எல்லாரும் இப்படி இல்லை. மணிக்கட்டில் கட்டுப் போட்ட ஒருத்தி, ஹேட்லி பதினேழு என்று சொன்னதுமே கையை உயர்த்தினாள். “உன்கிட்ட பேச எனக்கு இஷ்டமில்ல. என் ஆட்டம் நேத்தோட முடிஞ்சுபோச்சு.” அவ்வளவுதான். அவளோடு வந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹேட்லி சுவர் ஓரமாகப் போய் நின்று போனை எடுத்தாள். பட்டியலின் மேலேயே, எல்லாக் குறிப்புக்கும் முன்னால் தட்டினாள்: ‘17 தப்பு. தரை வழுக்கும். இதை எழுதினப்ப நான் இங்க வந்ததே இல்ல. வந்தவ மாதிரி எழுதினேன்.’ அனுப்பியதும் போன் தேனீக்கூடு மாதிரி அதிர ஆரம்பித்தது. பார்க்காமல் பைக்குள் திணித்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனாள்.

ஒன்று, ஓய்வு நேரத்தில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு நடுவர் கொடுத்தார். இன்னொன்று கடைக்காரியே, காட்சிக்கு வைத்திருந்த மாதிரிச் சக்கரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள். “நீதான் அந்தத் தெய்வமா? முதல்லயே சொல்லியிருந்தா மாலை போட்டிருப்பேனே,” என்றாள்.

இரண்டேகால் மணிக்கு ஏழு சேர்ந்திருந்தன. எட்டாவது கிடைக்கவே இல்லை.

தடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஹேட்லி சக்கரங்களைக் கழற்றி மாட்டினாள். நட்டைத் திருகி, பேரிங்கைத் தட்டி எடுத்து, மற்றதில் அழுத்தி, விரலால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டு, அடுத்ததற்குப் போனாள். கை தானாக ஓடியது. ஆரஞ்சு, கறுப்பு, இரண்டு பச்சை, மூன்று ரோஸ் என்று ஸ்கேட் இரண்டும் திருவிழாக் கடை பொம்மை மாதிரி ஆகிவிட்டன.

“வேகமாத்தான் பண்ற,” என்றாள் நர்ஸ். “என்ன வேல பாக்குற நீ?”

“டயர் கடை.”

“டயர் கடையில வேல பாக்குறவ. வீல் விஷயத்துல கோட்ட விட்டிருக்க.”

“ஆமா.”

“ருபேன் லாரிய உங்க ஊர்ப் பக்கமே விடக் கூடாதுன்னு சொல்லி வைக்கணும்.”

“ஒண்ணு குறையுது,” என்றாள் ஹேட்லி. “ஒரு எடத்துல மட்டும் கெட்டி வீலே இருக்கும். இடது கால், பின்னால, உள்பக்கம். அங்க பாரம் கம்மியா விழும்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்னுதான் சொல்றேன். போட்டு ஒரு சுத்து போய்ப் பாருங்க.”

“இப்பத்தான் ஒழுங்காப் பேசற,” என்று சொல்லிவிட்டு நர்ஸ் வாரை இழுத்துக் கட்டினாள்.

தடத்தின் ஓரமாக ஒரு வளைவு மட்டும் போய் வந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, தழும்பு வைத்தவர்களின் வரிசையில் போய் நின்றாள். பதினான்கு பேர், பதினாறு தழும்பு. எதிர்ப்பக்கம் தைக்காதவர்கள், முட்டிகளைத் தடவிக் காட்டிக் கேலி செய்தார்கள்.

“பாட்டிமார்களே, ஊன்றுகோல் வேணுமா?”

“உன்னுத இன்னும் கம்பெனி கவர் கூடப் பிரிக்கல போலருக்கே. வா, பிரிச்சு விடுறோம்.”

விசில் ஊதியது. ஹெல்மெட்டில் நட்சத்திர உறை போட்டவள் கூட்டத்தை முட்டிப் பிளந்து தாண்ட வேண்டும். தாண்டவிடாமல் எதிரணியின் நான்கு பேர் இடுப்பும் தோளும் கொடுத்து மறிக்க வேண்டும். முதல் சுற்றில் நர்ஸ் மறிக்கிறவர்களில் ஒருத்தி. ஹேட்லி ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நின்றாள். வளைவு வந்தபோதெல்லாம் அவளுடைய கால்விரல்கள் காலணிக்குள் மடங்கின. நர்ஸ் வளைவில் இறங்கினாள், நின்றாள். இன்னொரு வளைவு. நின்றாள். உடம்பைத் தாழ்த்தி, குறுக்கே போய், நட்சத்திரக்காரியின் வழியில் ஒரு பீரோ மாதிரி நின்றாள்.

இரண்டாவது சுற்றில் க்ரேன் கரோல் வந்தாள். ஆறடி இரண்டு அங்குலம், தைக்காத முட்டி இரண்டு. நேராக வந்து நர்ஸின் விலாவில் தோளைக் கொடுத்தாள். நர்ஸ் தரையை விட்டுக் கிளம்பி, குறுக்கே பறந்து, முட்டிக் கவசம் கீச்சென்று இழுபட, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓவென்று கத்திவிட்டு உடனே அடங்கினார்கள். முட்டி விஷயம் எல்லாருக்கும் தெரியும்.

ஹேட்லியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

நர்ஸ், யார் சக்கரமும் ஏறிவிடாதபடி விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு குப்புறக் கிடந்தாள். ஒரு முட்டியை ஊன்றினாள். தையல் போட்ட முட்டி. மற்ற காலைத் தரையில் வைத்தாள். எழுந்துவிட்டாள். எழுந்து, கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடினாள். சுற்று முடிந்து விசில் ஊதும்வரை ஓடினாள்.

பெஞ்சுக்கு வந்தபோது பல் கவசத்தைத் துப்பிக் கையில் எடுத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. கண் இரண்டும் பளபளவென்று இருந்தன.

“பாத்தியா?” என்றாள். “பாத்தியாடி?”

“அடி பட்டுச்சா? முட்டி எப்பிடி இருக்கு?”

“முட்டிய விடு. நான் வழுக்கல. பாத்தியா நீ? அவ தள்ளினா.” பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கேட்டுக்கோ, நான் விழல. அவ தள்ளித்தான் விழுந்தேன். நேத்து முழுக்க நானா விழுந்துட்டிருந்தேன். இன்னைக்கு ஒருத்தி தள்ள வேண்டியிருந்துச்சு.”

ஹேட்லிக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து நர்ஸின் வலது ஸ்கேட்டைப் பிடித்து நட்டு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு இறுக்கம் பார்த்தாள். எதுவும் தளரவில்லை.

வரிசையைக் கவனிக்கிறவள் அட்டையோடு வந்தாள். “நர்ஸ், ரெண்டு சுத்து உக்காந்து மூச்சு வாங்கிக்கோ. அப்புறம் பாக்கலாம்.”

“மூச்செல்லாம் லாஸ் க்ரூஸஸ்ல போய் வாங்கிக்கிறேன். அந்த நட்சத்திரத்த இங்க குடு.”

“நட்சத்திரமா? இப்பவேவா?”

“குடுங்குறேன்ல.” நர்ஸ் அந்த உறையைப் பிடுங்கி ஹெல்மெட்டுக்கு மேலே இழுத்து மாட்டினாள். கோணலாக இருந்ததை ஹேட்லி எட்டி நேராக்கினாள். “ஆனா ஒண்ணு,” என்றாள் நர்ஸ் அட்டைக்காரியிடம், பல் கவசத்தை வாயில் திணிப்பதற்கு முன்னால், தடத்தின் அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆறடி உருவத்தைக் கண்ணால் காட்டி, “அந்தக் கரோல் எந்தச் சுத்துல எறங்குறாளோ, அதுல என்னையும் எறக்கி விடு.”